மட்டக்களப்புக்குத் தொண்டு செய்ய வருகிறீர்களா? வருவதற்கு முன்பிருந்து திரும்பிப் போகும்வரை ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்று பல இடங்களிலிருந்து நம்முடைய பிள்ளைகள் மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கும் தொண்டு வேலைக்கு வருகிறார்கள். சிலர் இங்கே பிறந்து சின்ன வயதில் போனவர்கள், சிலர் அம்மா அப்பாவின் ஊரை முதல் தடவை பார்க்கிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களைப் பள்ளிக்கூடங்களோடும் மாதர் சங்கங்களோடும் சேர்த்துவிடுவதுதான் என் வேலை. அதனால் எங்கே மனம் சலிக்கிறது, எதில் கோபம் வருகிறது என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வெயிலையும் நுளம்பையும் எல்லாரும் எப்படியோ பழகிவிடுகிறார்கள். "நான் வந்து என்ன பிரயோசனம், ஒன்றும் நடக்கவில்லையே" என்கிற நினைப்பைத்தான் தாங்க முடிவதில்லை.

அந்த நினைப்பு வராமல் இருக்க ஒரு வழி உண்டு. நீங்கள் போன பிறகு அந்த வேலையைச் செய்யப்போகிறவர் யார் என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பள்ளிக்கூட டீச்சராக இருக்கலாம், முன்பள்ளி நடத்துகிற அக்காவாக இருக்கலாம், ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் நிற்கிற ஒரு தங்கச்சியாகவும் இருக்கலாம். நீங்கள் வருவது அவருக்குப் பக்கத்தில் நிற்க. அப்படி ஒருவர் இல்லை என்று நிறுவனம் சொன்னால் அந்த வேலையை எடுக்காதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

1. விசாவும் கடிதமும்

சுற்றுலா விசாவில் வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சரிவராது. சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கும் வேலை செய்யக்கூடாது, சம்பளம் இல்லாமலும் செய்யக்கூடாது. ஒரு நிறுவனத்தின் பெயரில் மாதக்கணக்கில் நிற்பதென்றால் வதிவிட விசா வேண்டும், அதற்கு அந்த நிறுவனம்தான் கடிதங்களும் சிபாரிசும் எடுத்துத் தரவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு அல்லது இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள். அது சொன்ன நாளில் வருவதில்லை, மாதங்கள் இழுபடும்.

நிறுவனத்திடம் நேரே கேளுங்கள்: எங்கே பதிந்திருக்கிறீர்கள்? இங்கே தொண்டு நிறுவனங்களைப் பதிய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் கொழும்பிலுள்ள தேசிய செயலகத்தில் பதிந்திருப்பார்கள், சின்னச் சங்கங்கள் பிரதேச செயலகத்தில். உண்மையாக வேலை செய்கிறவர்கள் பதிவு இலக்கத்தைத் தயங்காமல் தருவார்கள். பிறகு இதையும் கேளுங்கள்: "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டிருப்பேன்?" இதற்குச் சரியான பதில் வராத இடத்தில் போய் நின்றால் முதல் மாதம் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள்.

2. எந்த மாதம் வருவது

உங்கள் லீவைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள், இங்கத்தைய வருடத்தைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை. படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே இருக்கிற வயல் ஊர்களில், அந்த நேரம் ரோட்டுகள் தண்ணீருக்குள் போய்விடும். கிரான் - புலிபாய்ந்தகல் பாதையில் வெள்ளக் காலத்தில் உழவு இயந்திரத்திலும் தோணியிலும்தான் போக்குவரத்து. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசும், காலை பத்து மணிக்கே உடம்பு வறண்டுவிடும், கூட்டம் வைப்பதென்றால் அதற்கு முன் அல்லது நாலு மணிக்குப் பின்.

அதே வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் சடங்குகள் நடக்கும். கதவு திறந்ததிலிருந்து அம்மனைக் குளிர்விக்கிற கடைசிச் சடங்கான குளிர்த்தி பாடி முடியும்வரை ஊர் முழுக்கக் கோவிலடியில்தான் நிற்கும். அந்தக் கிழமையில் பயிற்சிப் பட்டறை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை, நீங்களும் கோவிலுக்குப் போங்கள், நூறு பேரை ஒரே இடத்தில் பழகலாம். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவிலில் மாமாங்கத் தீர்த்தம். பெரும்போக அறுவடை நேரம் வயல் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறைவாகத்தான் வருவார்கள். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற முஸ்லிம் ஊர்களில் வேலை என்றால் வெள்ளி மத்தியானத்தில் ஒன்றும் வைக்கவேண்டாம், நோன்பு மாதத்தில் பள்ளிக்கூட விடுமுறையும் வேறு மாதிரி. பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, கந்தோர் (அலுவலகம்) பூட்டு.

இதையெல்லாம் ஒரு கலண்டரில் குறித்துவிட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு வருகிற ஒருவருக்கு உண்மையில் வேலை செய்யக் கிடைக்கிற நாட்கள் பாதிக்குக் கொஞ்சம் கூட. இது தெரிந்து வந்தால் கோபம் வராது.

3. வந்து சேர்வது

கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ரெயில் உண்டு, மாகோ, கல்லோயா, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாக. யானை நடமாடுகிற காட்டுக்குள்ளால் வருவதால் மெதுவாகத்தான் வரும், முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கம் போகிறவர்கள் அங்கிருந்து பஸ் எடுக்கவேண்டும், அல்லது கொழும்பிலிருந்து நேரே இரவு பஸ்ஸில் வரலாம். சிம் எடுக்கக் கடவுச்சீட்டுக் கேட்பார்கள். எந்தக் கம்பனியின் சிக்னல் நீங்கள் நிற்கப்போகிற ஊரில் எடுக்கிறது என்று அந்த ஊர்க்காரரிடமே கேட்டு வாங்குங்கள், டவுனில் நன்றாக எடுப்பது வவுணதீவு தாண்டினால் எடுக்காமல் போகலாம்.

4. எங்கே தங்குவது

சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேதான் தங்கச் சொல்வார்கள், மறுத்தால் மனவருத்தமாகும். தங்குங்கள், ஆனால் கிழமை நாளில் வேலைக்குப் போவது வேலைதான் என்று முதல் நாளே மாமிக்கும் சித்திக்கும் அன்பாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கு ஒரு கலியாணவீடு, நாளைக்கு ஒரு அந்தியேட்டி, அடுத்த நாள் பாசிக்குடா என்று மாதம் ஓடிவிடும். உறவுகளைப் பார்க்கச் சனி, ஞாயிறு இருக்கிறது.

வேலை படுவான்கரையில் என்றால் என் கருத்து, அந்தப் பக்கமே ஒரு வீட்டில் அறை எடுப்பது நல்லது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போய்வருவது எவ்வளவோ லேசு. ஆனால் உள்ளூர்களுக்குப் போகிற பஸ் இப்பவும் எண்ணி ஒன்றிரண்டுதான், கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காகவே அரைவேலையில் எழும்பி ஓடவேண்டி வரும். அங்கேயே தங்கினால்தான் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பழகக் கிடைக்கும். ஊர் மனிதர்கள் கதைக்கிற நேரம் அது.

வீட்டில் இரண்டு காரியம் கவனியுங்கள். ஒன்று தண்ணீர்: வாவிக்கரையில் பல கிணறுகள் உவர், குளிக்கத்தான் ஆகும், குடிக்கக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மற்றது சாப்பாட்டுக் காசு. "காசா? நீ எங்கட புள்ளை" என்று வாங்கமாட்டார்கள். கையில் நீட்டாமல், சந்தைக்குப் போகும்போது அரிசி, மா, சீனி, நல்ல மீன் என்று வாங்கிக்கொண்டு வந்து குசினியில் வையுங்கள். ஒரு ஆள் கூடினால் அந்த வீட்டுச் செலவு எவ்வளவு கூடும் என்று யோசித்து, அதற்குக் கொஞ்சம் மேலாகவே செய்யுங்கள்.

கேள்விகள் வரும். எந்த ஊர், யாருடைய பிள்ளை, எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. முதல் கிழமை எரிச்சலாக இருக்கும். உங்களை எந்தக் குடும்பத்தோடு, எந்தக் குடியோடு (தாய்வழி வம்சத்தோடு) சேர்த்துப் பார்ப்பது என்று அவர்கள் தேடுகிறார்கள், அது தெரிந்தால்தான் உங்களைப் பொறுப்பெடுப்பார்கள். சம்பளத்துக்கு மட்டும் சரியான தொகை சொல்லாதீர்கள், ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார்கள், நீங்கள் இருக்கிற நாட்டின் வீட்டு வாடகை இங்கே யாருக்கும் தெரியாது. தனியாக வருகிற பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு வருவதும், தோள் மூடிய உடுப்பும் பல அலைச்சலைக் குறைக்கும். இது எனக்குப் பிடித்த சட்டமில்லை, ஆனால் கதை பரவினால் அது உங்களோடு வேலை செய்கிற ஊர்ப்பிள்ளையைத்தான் அதிகம் பாதிக்கும்.

5. முதல் இரண்டு கிழமை: ஆட்களைப் போய்ப் பார்ப்பது

முதல் வேலை கிராம சேவகர், ஊரில் ஜி.எஸ் என்பார்கள். எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள், மற்ற நாளில் போனால் பூட்டித்தான் இருக்கும். பிறகு பிரதேச செயலகம். பள்ளிக்கூடம் என்றால் அதிபர் மட்டும் சம்மதித்தால் போதாது, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும், மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயம் இருக்கிறது, உங்கள் பள்ளிக்கூடம் எதில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பள்ளி, சுகாதாரம் சம்பந்தப்பட்டதென்றால் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்கும் சொல்லவேண்டும். அம்பாறை மாவட்டத்தில் நிற்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: கச்சேரி, அதாவது மாவட்ட செயலகம், அம்பாறை டவுனில் இருக்கிறது, அங்கே சிங்களம்தான் அதிகம் பேசுவார்கள், சிங்களம் தெரிந்த ஒருவரோடு போனால் அலைச்சல் பாதியாகும்.

கந்தோரில் "இன்றைக்கு சேர் இல்லை, நாளைக்கு வாங்க" என்பது நிறையத் தடவை கேட்கும். கோபப்பட்டுப் பேசினால் உங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள், உங்களோடு வந்த அக்கா அடுத்த பத்து வருடமும் அதே மேசைக்குத்தான் வரவேண்டும். அதனால் கடிதத்தின் இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அந்த முத்திரை உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று, விருந்தாளியின் முகத்துக்கு நேரே முடியாது என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். மண்டபம் கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்கும் என்பார்கள், அன்றைக்குப் போனால் பூட்டு. மண்டபம் கிடைக்குமா என்று கேட்காமல், திறப்பு (சாவி) யாரிடம், அவர் எத்தனை மணிக்கு வருவார், அவருடைய போன் இலக்கம் என்ன என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் மண்டபம் கிடைக்கும்.

6. வேலை

வருகிறவர்களில் பலர் கேட்பது ஆங்கில வகுப்பு, அதனால் அதையே விளக்கமாகச் சொல்கிறேன்.

படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்று. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். ஆங்கில டீச்சர் எழுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்திலிருந்து, வருகிறார், ஐந்து மணிக்கு எழும்பிச் சமைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பஸ்ஸோ ஸ்கூட்டியோ பிடித்து. நீங்கள் வந்து "பின்னேரம் மூன்று மணிக்கு மேலதிக வகுப்பு வைப்போம் டீச்சர்" என்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்பார். முதல் நாள் முப்பத்தைந்து பிள்ளைகள், தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் சேர்த்து. இரண்டாம் கிழமை ஏழு பேர். டீச்சர் இல்லை, ஏனென்றால் அவருடைய பஸ் போய்விடும். நீங்கள் போன மறுநாள் அந்த வகுப்பும் இல்லை.

அதையே இப்படிச் செய்யுங்கள். டீச்சரின் பாடவேளைக்குள் போய் நில்லுங்கள். அவர் பாடத்தைப் பலகையில் எழுதட்டும், நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும், பிறகு டீச்சர் வாசிக்கட்டும். அவர் உச்சரிப்பில் தடுமாறினால் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருபோதும் திருத்தாதீர்கள். இடைவேளையில் பிளேன்டீ குடிக்கும்போது அவரே கேட்பார், "தம்பி, இந்தச் சொல்லை எப்பிடிச் சொல்றது?" என்று. அந்தக் கேள்வி வருகிற நாள் வரைக்கும் பொறுத்திருங்கள், அன்றைக்குத்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) கடந்த காலத் தாள்களை அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள், கேட்டல் பயிற்சிக்குச் சின்னச் சின்ன உரையாடல்களை உங்கள் இருவர் குரலிலும் போனில் பதிந்து வையுங்கள். பின்னேர வகுப்பு வேண்டுமென்றால் அதே ஊரில் ஏ.எல் முடித்த ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, வகுப்பை அவர் எடுக்க, நீங்கள் உதவிக்கு நில்லுங்கள்.

மாதர் சங்கக் கூட்டம் பற்றியும் சொல்லவேண்டும். மூன்று மணி என்றால் நாலரைக்குத்தான் ஆள் சேரும். சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வருகிறவர்களிடம் நேரம் பற்றிப் பேசுவது சரியில்லை. நாள் குறிக்கும்போது கட்டாயம் கேட்கவேண்டியது, நுண்கடன் கம்பனிக்காரர் காசு வாங்க வருகிற நாள் எது என்பது. அந்த நாளில் பலர் வரமாட்டார்கள், தவணை கட்டக் காசில்லாத அவமானத்தில் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் இந்தக் கடன் பெண்களை என்ன பாடுபடுத்துகிறது என்பது நேரில் பார்த்தால்தான் விளங்கும். இந்தச் சங்கத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள வட்டியை அவர்களோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் கணக்குப் பார்த்து எழுதிக்கொடுப்பது.

7. பேர் எழுதுவது, காசு கொடுப்பது

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன, பலர் உண்மையாகவே கை கொடுத்தார்கள். ஆனால் பேரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களும் நிறைய. அதனால் நீங்கள் கொப்பியும் பேனையுமாக ஒரு வீட்டு முற்றத்தில் நின்றாலே அடுத்த வீட்டார் "எங்கட பேரையும் எழுதுங்க" என்று வருவார்கள். கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் எழுதாதீர்கள். உங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கென்றால் அதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், இதனால் உதவி எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லுங்கள்.

காசு கேட்பார்கள். மருந்துக்கு, பிள்ளையின் டியூசனுக்கு, கூரைத் தகட்டுக்கு. எல்லாம் உண்மையான தேவை, அதுதான் கஷ்டம். என் யோசனை: தனி ஆளுக்குக் கையில் கொடுப்பதைத் தவிருங்கள், ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் உங்களைப் பொறுப்பெடுத்த அக்காவுக்குத்தான் ஊரில் பேச்சு விழும். கொடுக்க விரும்புகிற தொகையைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, யாருக்கு என்று சங்கமே கூட்டத்தில் தீர்மானிக்கட்டும். அவசர வைத்தியம் என்றால் அது வேறு, அங்கே கணக்குப் பார்க்கவேண்டாம்.

8. சிறுவர் இல்லங்கள்

ஒரு மாதம், இரண்டு மாதம் சிறுவர் இல்லத்தில் நின்று பிள்ளைகளோடு விளையாடலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். அம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருப்பார், அல்லது வீட்டில் வறுமை. அப்படிப் பிரிந்து வந்த பிள்ளை உங்களோடும் ஒட்டிக்கொண்டு, உங்களையும் பிரியவேண்டும். உதவ விரும்பினால் பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க அந்தக் குடும்பத்துக்கு உதவுகிற அமைப்போடு சேருங்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற படங்களை வலைத்தளங்களில் போடாதீர்கள், பள்ளிக்கூடப் பெயர்ப் பலகையோடு சேர்த்து நிச்சயமாகப் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் நீங்களே விசாரிக்கப் போகாமல் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

9. உடம்பு

மழைக்குப் பிறகு டெங்கு வரும். காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும், வேறு வலி மருந்து போடாதீர்கள், இரண்டு நாளில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பாருங்கள். வயிற்றோட்டத்துக்கு ஃபார்மசியில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கேளுங்கள். வயல் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, காலில் புண் இருந்தால் இறங்கவேண்டாம். இரவில் முற்றத்துக்குப் போனாலும் செருப்பும் டோர்ச்சும், பாம்பு கடித்தால் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. அம்புலன்சுக்கு 1990, இலவசம். படுவான்கரையில் இருட்டிய பிறகு யானை வருகிற பாதைகளில் சைக்கிளில் தனியாக வராதீர்கள், ஊர்க்காரர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

மனமும் சோரும், பொதுவாக ஐந்தாம் ஆறாம் கிழமையில். வந்த புதுசின் உற்சாகம் போய், வேலை இன்னும் பிடிபடாத நேரம். ஒரு நாள் லீவு எடுங்கள், கல்லடிக் கடற்கரையில் நடந்துவிட்டு டவுனில் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், வீட்டுக்குப் போன் எடுத்து அழவேண்டுமென்றால் அழுங்கள். அதே கிழமையில் திட்டத்தை மாற்றவோ, நிறுவனத்தோடு சண்டை பிடிக்கவோ, டிக்கெட்டை முன்னுக்கு இழுக்கவோ வேண்டாம். பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

10. திரும்பிப் போவது

கடைசி மூன்று கிழமையில் புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். அந்த நாட்களில் வகுப்பை முழுக்க டீச்சரோ அந்தத் தங்கச்சியோ எடுக்கட்டும், நீங்கள் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருங்கள். பாடக் கொப்பி, போனில் பதிந்த உரையாடல்கள், கந்தோரில் முத்திரை வாங்கிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவர் கையில் கொடுங்கள், ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். மடிகணினியைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் பள்ளிக்கூடப் பொருட்பதிவேட்டில் பதியவைத்துக் கொடுங்கள், பிறகு யாரும் டீச்சரைக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பிரியாவிடை வைப்பார்கள், மாலை போடுவார்கள், பிள்ளைகள் அழுவார்கள். அப்போது "அடுத்த வருடம் வருவேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், டிக்கெட் கையில் இருந்தால் தவிர. பிள்ளைகள் நாள் எண்ணுவார்கள். அதற்குப் பதிலாக டீச்சரிடம் மட்டும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு, இலங்கை நேரம் பின்னேரம் ஐந்து மணி, வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம். அந்த ஞாயிறு வரும்போது அழைப்பை நீங்களே எடுங்கள், டேட்டாக் காசு அவருக்குச் செலவாகும் என்பதால் ஒரு ரீலோடும் போட்டுவிடுங்கள்.